பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்: கார் சீக்கிரம் நின்றுவிடுமா?

மாணவர்களே, உங்கள் வீட்டருகே நிற்கும் சிறிய கார்களின் சக்கரங்களைக் கவனித்துப் பாருங்கள். முன் சக்கரத்தின் ரிம் இடைவெளியில் பளபளப்பான வட்டத் தகடு ஒன்று தெரியும். அதுதான் டிஸ்க் பிரேக். பெரொடுவா ஆக்சியா, மைவியின் பல வகைகள் போன்ற கார்களின் பின் சக்கரத்தில் அந்தத் தகடு இருக்காது. கவிழ்த்து வைத்த இரும்புக் கிண்ணம் போன்ற ஒன்றுதான் இருக்கும். அது டிரம் பிரேக்.

அந்த டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பொருத்துவதில் நம் இளைஞர்கள் பலருக்கு ஆர்வம் உண்டு. "நான்கு சக்கரத்திலும் டிஸ்க் போட்டால் கார் டக்கென்று நிற்கும்" என்பார்கள். உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

பிரேக்கை மிதித்ததும் எண்ணெயில் ஏற்படும் அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. இது பாஸ்கல் கோட்பாடு. படிவம் ஐந்து இயற்பியலில் படிப்பீர்கள்.

டிஸ்க் பிரேக்கில், கேலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பேட்களால் தகட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். சைக்கிளின் பிரேக் ரிம்மைப் பிடிப்பது போலத்தான். டிரம் பிரேக்கில், உள்ளே இருக்கும் வளைந்த இரண்டு ஷூக்கள் வெளிப்புறமாக விரிந்து டிரம்மின் உட்சுவரை உரசும்.

டிரம்முக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு சேர்த்து இழுப்பதால், அந்த ஷூ மேலும் இறுக்கமாக அழுந்தும். கதவுக்கு அடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். எனவே குறைந்த எண்ணெய் அழுத்தத்திலும் டிரம் நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது.

காரை நிறுத்துவது எது?

சக்கரத்தை நிறுத்துவது பிரேக். காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின் மேல் அழுத்தும் எடை கூடினால் எல்லையும் கூடும். எடை குறைந்தால் அதுவும் குறையும்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 10,000 நியூட்டன். நிற்கும்போது முன் சக்கரங்கள் 6,000 நியூட்டனும், பின் சக்கரங்கள் 4,000 நியூட்டனும் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றால், அதிகபட்ச வேகக்குறைவு வினாடிக்கு வினாடி 8 மீட்டர்.

பிரேக் பிடிக்கும்போது நம் உடல் முன்னால் சாய்கிறது. காரின் எடையும் அப்படித்தான் முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.55 மீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2.5 மீட்டர் என்றால், மாறும் எடை:

1,000 × 8 × 0.55 ÷ 2.5 = 1,760 நியூட்டன்

இப்போது முன் சக்கரங்களின் மேல் 7,760 நியூட்டன். பின் சக்கரங்களின் மேல் வெறும் 2,240 நியூட்டன். பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து தரக்கூடிய உராய்வு விசை 2,240 × 0.8, அதாவது 1,792 நியூட்டன். அந்த அளவைத் தருவதற்கு நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக் போதும். அதற்கு மேல் எவ்வளவு வலுவான பிரேக் போட்டாலும் டயரால் தாங்க முடியாது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டரில் போகும் இந்தக் கார், பிரேக் பிடித்த பிறகு 25 × 25 ÷ (2 × 8), ஏறக்குறைய 39 மீட்டர் ஓடித்தான் நிற்கும். பின்னால் டிரம் இருந்தாலும் டிஸ்க் இருந்தாலும் அதே 39 மீட்டர்தான்.

பின் சக்கரம் பூட்டினால் என்ன ஆகும்?

வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். முன் சக்கரம் முதலில் வழுக்கினால் கார் திரும்பாது. ஆனால் நேராகச் செல்லும். பின் சக்கரம் முதலில் வழுக்கினால் பின்பகுதி வீசிக்கொண்டு சுழலும். அதனால்தான் காரைத் தயாரிப்பவர்கள் முன், பின் பிரேக்குகளின் பங்கைக் கவனமாக அளந்து வைக்கிறார்கள்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடும்போது இந்த அளவு மாறுகிறது. கேலிப்பரின் பிஸ்டன் மிகப் பெரியதாக இருந்தால், மழை நாளில் பின் சக்கரம் முதலில் பூட்டலாம். மிகச் சிறியதாக இருந்தால், பின் பிரேக் வலுவிழந்து முன் பிரேக்கின் சுமை கூடும். நிற்கும் தூரமும் நீளலாம். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் அந்தக் காரின் பழைய பிரேக்குக்கு ஏற்பத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஹேண்ட்பிரேக்கையும் மறக்கக் கூடாது. புதிய கேலிப்பரில் அதற்கான கம்பி இணைப்பு இல்லாவிட்டால், மேட்டில் நிறுத்திய கார் உருண்டுவிடும்.

அப்படியானால் டிஸ்க் எதற்கு?

வெப்பத்தைச் சமாளிக்க. காரின் இயக்க சக்தி அழிவதில்லை; பிரேக்கில் வெப்ப சக்தியாக மாறுகிறது. மேலே சொன்ன கார் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால் 312,500 ஜூல் வெப்பம் உண்டாகும். 25 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு போதும்!

கெந்திங் போன்ற மலையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 10,000,000 ஜூல். அது 32 முறை அப்படி நிறுத்துவதற்குச் சமம். திறந்த டிஸ்க் காற்றுப்பட்டு விரைவில் ஆறும். மூடிய டிரம் மெதுவாகத்தான் ஆறும். சூடேறினால் ஷூவை விட்டு வெளிப்புறமாக விரியும். அதனால் மிதி ஆழமாக இறங்கும், பிடிப்பும் குறையும். தண்ணீரில் நனைந்தாலும் டிஸ்க்தான் சீக்கிரம் காயும்.

ஆனால் மலையிறக்கத்துக்கு, செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. குறைந்த கியரில் இறங்கினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும்.

பணத்தை எதில் போடலாம்?

முதலில் டயர். அடுத்து முன் பிரேக் பேட். மூன்றாவது பிரேக் எண்ணெய். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறினால் கொதிநிலை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டானால், டிஸ்க் இருந்தாலும் பிரேக் பிடிக்காது. இவற்றுக்குப் பிறகும் டிஸ்க் வேண்டும் என்றால், அந்தக் காருக்கே பொருந்தும் முழுத் தொகுதியைத் தேர்ந்த மெக்கானிக் பொருத்த வேண்டும். அதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு பொம்மைக் காரையும் வழவழப்பான பலகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரின் முன் சக்கரங்கள் சுழலாதபடி டேப் ஒட்டி, சாய்த்து வைத்த பலகையில் விடுங்கள். கார் நேராக வழுக்கி இறங்கும். பிறகு டேப்பை எடுத்துப் பின் சக்கரங்களில் ஒட்டி விடுங்கள். இம்முறை கார் திரும்பி, பின்பக்கம் முன்னால் வர இறங்கும். பின் பிரேக்கை வலுவாக்குவது பற்றி வீட்டில் யாராவது பேசினால், இந்தச் சோதனையை அவர்களுக்குச் செய்து காட்டுங்கள்.