பித்தநீர் செல்லும் வழி



வாழவந்தி நாட்டில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். ஆயினும், ஈரலின் படத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் என்ற உரிமையில், பித்தநீர் இறங்கும் வழியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கொல்லிமலையின் படிவயல்களுக்கு நீர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். சிற்றோடைகள் பல கூடி வாய்க்காலாகும். ஈரலிலும் அவ்வாறே. வலப்புற நாளமும் இடப்புற நாளமும் கூடி ஒன்றாகி, பித்தப்பையின் குழாயையும் சேர்த்துக்கொண்டு சிறுகுடலில் திறக்கின்றன. ஆனால், இரு நாளங்களும் பாடநூற் படத்தில் உள்ளபடியே கூடுவது 100 பேரில் ஏறத்தாழ 60 பேரிடந்தான். மற்றவருள் சிலருக்கு வலப்புறக் கிளையொன்று இடப்புற நாளத்திற் போய்ச் சேரும்; சிலருக்கு மூன்று நாளங்கள் ஓரிடத்திற் கூடும். இது நோயன்று. அறுவை செய்பவர் அறியாதிருந்தால்தான் ஆபத்து.

அரியவை வேறு. நாளம் பிறவியிலேயே பைபோல் விரிந்திருப்பது ஒன்று. இது பெண்களிடம் மிகுதி. பிறந்த சில வாரங்களில் நாளம் அடைபட்டுப்போவது மற்றொன்று. 10,000 முதல் 20,000 வரையான குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது.

பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் கண்டால், இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்பார்கள். பெரும்பாலான மஞ்சள் தானாகவே போய்விடும். புகழ் வெயிலுக்குப் போகிறது! ஆனால், 14 நாள் கடந்தும் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு குழைத்தாற்போல் வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சட் கறை படிய வைத்தால், அன்றே 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மலையிறங்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை, குடலை ஈரலின் வாயிலோடு நேரே இணைப்பது. 60 நாளுக்குள் செய்தால் பயன் மிகுதி. நாள் செல்லச் செல்ல ஈரல் இறுகிவிடும்.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் பித்தநாளம் தெரியாது. குழந்தைக்கு முதலில் அல்ட்ராசவுண்டு எனும் ஒலியலைப் படம்; பித்தப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐயம் முற்றும் நீங்குவது, அறுவையின்போதே பித்தப்பை வழியாகச் சாயம் செலுத்திப் படம் எடுக்கும்போதுதான். பெரியவர்களுக்கோ எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் பேருதவி. ஊசியோ கதிர்வீச்சோ இன்றி, தேங்கிநிற்கும் நீரை மட்டும் வெண்மையாகக் காட்டுமாறு எடுக்கலாம். கிளைகள் மரம்போல் துலங்கும்.

காஞ்சிபுரத்துக் குழந்தையொன்றுக்கு இவ்வடைப்பு இருந்தது. இரண்டு வயது நிரம்புமுன், 1998 நவம்பரில், டில்லி அப்பல்லோ மருத்துவமனையில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அதற்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றிபெற்ற முதல் ஈரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகிவிட்டார்.

இன்று ஈரல் கொடுக்க முன்வருபவருக்கு அறுவைக்கு முன்பே இந்தக் காந்தப் படம் எடுக்கிறார்கள். கிளைகள் வழக்கத்துக்கு மாறாகச் சேர்ந்திருந்தால் வெட்டும் இடம் மாறும். ஒரு வாய்க்குப் பதில் இரண்டு வாய்களைத் தைக்க வேண்டிவரும். சிலரை வேண்டாமென்று திருப்பி அனுப்புவதும் உண்டு.