துண்டுகளில் வாழும் திரைப்படம்: ‘வின்னர்’ குறித்த ஒரு மறுபார்வை

சுந்தர் சி. இயக்கி 2003இல் வெளிவந்த ‘வின்னர்’, முழுப்படமாக நோக்கின் வலுவற்றது. பிரசாந்தின் காதலும் சண்டையும் அக்கால வணிகப் படங்களின் அச்சில் வார்த்தவையே. ஆயினும் வடிவேலு ஏற்ற ‘கைப்புள்ள’ பாத்திரம் படத்தைக் கடந்து நிலைத்தது. நடிகரின் திறன் ஒன்றைக் கொண்டு மட்டும் இதனை விளக்கிவிட இயலாது.

நகைச்சுவையைத் தனிப்பகுதியாக அமைக்கும் மரபு என்.எஸ். கிருஷ்ணன் காலந்தொட்டுத் தமிழ்த் திரையில் உண்டு. ஆதித்யா, சிரிப்பொலி முதலிய தொலைக்காட்சிகள் காட்சிகளைப் பிரித்து ஒளிபரப்ப அவ்வமைப்பே இடமளித்தது. பிரிக்கப்படுகையில் பொருளும் மாறுகிறது. ரியாஸ்கான் நடித்த ‘கட்டதுரை’ முழுப்படத்தில் கதாநாயகனின் பகைவன். துண்டுக்காட்சிகளிலோ கைப்புள்ளயின் வீராப்பை அளக்கும் கோல் மட்டுமே. கதாநாயகன் இல்லாமலே கதை நிறைவடைகிறது.

நீலகிரியின் இத்தலாரில், வீட்டில் படுகு பேசி வளர்ந்த இக்கட்டுரையாளருக்கு மதுரைப் பக்கத்துப் பேச்சு முதலில் செவிப்பட்டது இக்காட்சிகளின் வழியாகத்தான். முழுப்படத்தைக் கண்டது பல்லாண்டுகள் கழித்தே. அப்போது எஞ்சிய கதையே இடைச்செருகலாகத் தோன்றிற்று. ஆகவே திரையரங்கப் பிரதியை மட்டும் மூலபாடமாகக் கொள்ளுதல் பொருந்தாது. தொலைக்காட்சி வெட்டித் தந்த வடிவத்தையும் பாடவேறுபாடாகக் கருதுதல் வேண்டும். கைப்புள்ள தலைமையேற்ற ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ என்னும் பெயரிலேயே 2013இல் பொன்ராம் இயக்கிய படம் வெளிவந்தபோது, அப்பெயரின் மூலத்தை எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.