கடற்கரை மாளிகையும் ஒரு கட்டுக்கதையும்



எங்கள் கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டுகளில் அதன் கரையில் நின்று, "கடல் இதைவிடப் பெரிதா, ஐயா?" என்று என் மாணாக்கர் வினவியதுண்டு. அத்தகைய பிள்ளைகளுக்கு, கடலோரத்துப் பெருங்கட்டடம் ஒன்றைப் பற்றி நான் ஒருநாள் கதை சொன்னேன். அக்கதை பொய்யென்று பின்னரே அறிந்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்க விழைகிறேன்.

மும்பையின் அப்பலோ பந்தர் கடற்கரையில் நிற்கும் தாஜ்மகால் ஓட்டலே அக்கட்டடம். அதனை வரைந்த கலைஞர் வெளிநாடு சென்று மீண்டபோது, கட்டடம் முன்பின்னாக மாறிக் கடலுக்கு முதுகு காட்டி நின்றதாம். அவர் மனமுடைந்து உயிர் துறந்தாராம். இதனை நான் சுவைபடச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "அவர் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடினேன்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா எடுப்பித்த அந்த மாளிகை 1903 டிசம்பர் 16ஆம் நாள் திறக்கப்பெற்றது. முதலில் அதனை வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா என்னும் இந்தியர் இருவர். பணி முடியுமுன்னரே வைத்யா காலமானார். சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எஞ்சிய பணியை நிறைவேற்றினார். முடிவுறாத மாளிகையின் முகம் மாறியது கண்டு ஒருவர் உயிர் துறத்தல் எங்ஙனம் இயலும்?

அவ்வாறாயின் 'முதுகு' என்ற பேச்சு எப்படி எழுந்தது? தொடக்கத்தில் ஓட்டலின் தலைவாயில் நகர்ப்புறத்தில் இருந்தது. குதிரை வண்டிகள் அவ்வழியே வந்து நின்றன. கடற்காற்று வீசும் பக்கம் விருந்தினர் அறைகளுக்கு வாய்த்தது. கடற்பக்கத்தில் நிற்கும் 'இந்திய வாயில்' அப்போது இல்லை. அது திறக்கப்பெற்றது 1924இல்தான். பின்னாளில் ஓட்டலின் வாயிலும் கடற்பக்கத்துக்கு மாறியது. அங்கு நின்று பார்ப்போர் பழைய அமைப்பைப் பிழையெனக் கருதினர் போலும். திருவண்ணாமலைக் கோயிலுக்கு நான்கு திசையிலும் கோபுரங்கள் உள. இராசகோபுரத்தை மட்டும் கண்டவன், மேற்கு வாயிலைப் பிழையாகக் கட்டியது என்பானாயின் நாம் நகையாமல் இருப்போமா?

இம்மாளிகைக்குக் கட்டுக்கதை எதற்கு? மெய்வரலாறே போதும். திறந்து ஐந்து திங்களில், 1904 மே மாதம், டாட்டா மறைந்தார். முதல் உலகப்போரின்போது அவர் கட்டிய ஓட்டல் காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனையாயிற்று. 2008 நவம்பர் 26இல் பயங்கரவாதிகள் அதனைத் தாக்கினர். விருந்தினரைக் காக்க முயன்ற பணியாளர் சிலர் தம் உயிரையே ஈந்தனர். தீயில் சிதைந்த பழம்பகுதி செப்பனிடப்பெற்று, 2010 ஆகஸ்ட் 15இல் மீண்டும் திறக்கப்பெற்றது. பொய்க்கதையில் வாழும் பெயரற்ற கலைஞருக்காக நாம் இரங்குகிறோம்; மெய்யாகவே உழைத்த வைத்யாவையும் மிர்சாவையும் மறந்துவிடுகிறோம். கட்டுக்கதை செய்யும் தீங்கு இதுவே.

ஆதலின், மாணவர்களே, இனிய கதையொன்று உங்கள் காதில் விழும்போது, "யார்? எந்த ஆண்டு?" என்று கேளுங்கள். சொல்பவர் ஆசிரியராயினும் கேளுங்கள். அன்று ஒரு சிறுமி கேட்டாள்; அறுபதைக் கடந்த இவ்வாசிரியனும் அவளிடம் பாடம் கற்றான்.