பாதையில் கிடக்கும் முள்ளும் மண்ணில் புதைத்த வெடியும்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். அவற்றுள் தலையாயது திருக்கலிமா. கடைசிக் கிளை எது? மக்கள் நடக்கும் பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது. முள்ளை எடுத்தெறிவதே ஈமானின் கிளையென்றால், அதே பாதையில் வெடியைப் புதைத்து வைப்பதை என்னவென்று சொல்வது?

ஆப்கானிஸ்தானத்தை எண்ணிப் பாருங்கள். 1979 டிசம்பரில் அங்குப் புகுந்த சோவியத் படைகள் 1989 பிப்ரவரியில் வெளியேறின. படைகள் போயின, புதைத்த கண்ணிவெடிகள் போகவில்லை. பின்னர் அந்நாட்டவர் தமக்குள் நடத்திய போரிலும் வெடிகள் புதைக்கப்பட்டன. ஹெலிகாப்டரிலிருந்து தூவப்பட்ட ஒருவகை வெடிக்குப் 'பட்டாம்பூச்சி' என்றே பெயர். சிறகு போன்ற அமைப்புடைய சிறிய பிளாஸ்டிக் பொருள் அது. விளையாட்டுப் பொருளென்று எடுத்த பிள்ளைகள் கையை இழந்தார்கள், கண்ணை இழந்தார்கள்.

காபூலில் செஞ்சிலுவைச் சங்கம் 1988-இல் செயற்கைக் கால் நிலையமொன்றைத் தொடங்கியது. கால் இழந்தவர்களே அங்கு ஊழியர்களாகிப் பிறருக்குக் கால் செய்து கொடுத்தார்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு கால் போதாது. உடல் வளர வளரப் புதிய கால் பொருத்த வேண்டும். ஒரு நொடி வெடித்ததன் துன்பம் ஆயுள் முழுதும் தொடர்கிறது.

இத்துயரைக் கண்டே, மனிதரைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைச் செய்வதும் சேமிப்பதும் பயன்படுத்துவதும் கூடாதென 1997-இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அது 1999 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆப்கானிஸ்தானம் 2002-இல் அதில் சேர்ந்தது. ஆனால் 2025-இல் போலந்து, பின்லாந்து, லிதுவேனியா, லாட்வியா, எஸ்தோனியா ஆகிய நாடுகள், ரஷ்யாவைக் குறித்த அச்சத்தால், அதிலிருந்து விலகத் தீர்மானித்தன.

"பகைவன் எல்லையில் நிற்கையில் எங்களைக் காத்துக்கொள்ள வேண்டாமா?" என்று அவர்கள் கேட்கலாம். காத்துக்கொள்வது உரிமையே. ஆயினும் போருக்கும் வரம்புண்டு. ஷாம் தேசத்திற்குப் படையனுப்பிய ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரங்களை வெட்டலாகாது என்று தளபதிக்குக் கட்டளையிட்டார்கள். அக்கட்டளையைச் சிப்பாய் நிறைவேற்ற முடியும். ஏனெனில் அவனுக்குக் கண் இருக்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் வெடிக்குக் கண் ஏது? மிதிப்பவன் போர்வீரனா, ஆடு மேய்க்கும் சிறுவனா, விறகு பொறுக்கும் தாயா என்று அது பார்ப்பதில்லை. சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்று அதற்குச் சொல்லவும் இயலாது. வரம்பை அறிய முடியாத ஆயுதம், வரம்புள்ள போரில் எவ்வாறு இடம்பெறும்?

ஆப்கன் மண்ணில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துழாவி, வெடிகளை அகற்றும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அப்பணியில் உயிர்நீத்தோரும் உண்டு. பாதையின் இடையூற்றை அகற்றுதல் என்னும் நபிமொழிக்கு அவர்களைவிடச் சிறந்த விளக்கவுரை ஏது?

இன்றைய ஜும்ஆவில் கையேந்தும்போது அவர்களையும், காலிழந்த அப்பிள்ளைகளையும் நினைவிற் கொள்வோம். மனிதர் நடக்கும் பாதைகள் யாவும் அச்சமற்றவையாக வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.