கனரக லாரியை இயக்கும் கலை

விடியற்காலை மணி ஐந்து. கிள்ளான் துறைமுகத்திற்கு அருகில் உள்ள லாரி நிறுத்துமிடம் இன்னும் இருளில் மூழ்கியிருக்கிறது. ஓட்டுநர் ஒருவர் கைவிளக்குடன் தம் லாரியைச் சுற்றி வருகிறார். சக்கரங்களை உற்றுப் பார்க்கிறார். மசகெண்ணெயின் அளவையும் குளிர்விக்கும் நீரின் அளவையும் சோதிக்கிறார். பின்னர் ஏறி அமர்ந்து இயந்திரத்தை முடுக்குகிறார். ஆனால், உடனே புறப்படவில்லை. முகப்பில் உள்ள அளவிகளைக் கவனித்தபடி காத்திருக்கிறார். சரக்கு குவாந்தானுக்குச் செல்ல வேண்டும். நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, அவர் ஏன் காத்திருக்கிறார்?

இதைப் புரிந்துகொள்ள, முதலில் டீசல் இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை அறிய வேண்டும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரம் இது. பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் அத்தகைய பொறி இல்லை. உருளைக்குள் இழுக்கப்படும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு வரை அழுத்திச் சுருக்குகிறது. மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அதே போலத்தான் இங்கும் நடக்கிறது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசையும் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

வெப்பம்தான் டீசல் இயந்திரத்தின் உயிர். இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன உருளைச் சுவர்கள், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால், டீசல் முழுமையாக எரிவதில்லை. காலையில் சிறிது புகை கிளம்புவதற்கும் இதுவே காரணம். மேலும், குளிர்ந்த மசகெண்ணெய் கெட்டியாக இருக்கும். அது இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் சென்றடையச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் முடுக்கியை ஓங்கி மிதித்தால், போதிய மசகு இல்லாமல் உலோகமும் உலோகமும் உரசித் தேயும். டர்போ எனப்படும் காற்றூட்டியின் நிலை இன்னும் இக்கட்டானது. அதன் தண்டு, வேலை செய்யும்போது நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

காத்திருப்பதற்கு மற்றொரு முக்கியக் காரணமும் உண்டு. கனரக லாரியின் பிரேக், அழுத்தப்பட்ட காற்றால் இயங்குகிறது. இயந்திரம் ஓடும்போதுதான் காற்றழுத்தி இயங்கிக் கலன்களை நிரப்பும். காற்று குறைவாக இருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். நிறுத்து பிரேக்கை வலுவான சுருள்வில்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தவும் காற்றழுத்தம் வேண்டும். ஆகவே, அளவியின் முள் உரிய அளவை எட்டும்வரை லாரியை நகர்த்தக் கூடாது.

அப்படியானால், அரைமணி நேரம் இயந்திரத்தை உறுமவிட்டால் நல்லதுதானே? இல்லை. இது பலரும் செய்யும் தவறு. நின்ற நிலையில் ஓடும் டீசல் இயந்திரம் மிகக் குறைவான எரிபொருளையே எரிக்கிறது. அதனால், அது எளிதில் சூடேறுவதில்லை. முழுமையாக எரியாத டீசல் கரியாகப் படிகிறது. ஒரு பகுதி மசகெண்ணெயிலும் கலந்து அதன் தன்மையைக் கெடுக்கிறது. கியர்ப்பெட்டி, அச்சு, சக்கரங்கள் ஆகியவையோ லாரி நகர்ந்தால்தான் சூடேறும். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாட்டில் எண்ணெய் அழுத்தமும் காற்றழுத்தமும் சீராகும்வரை சில நிமிடங்கள் காத்திருந்தாலே போதும். பிறகு, குளிர்விக்கும் நீரின் வெப்பம் 80 பாகையைத் தாண்டும்வரை மென்மையாக ஓட்டிச் செல்வதே சிறந்த முறை.

வீணாகும் எரிபொருளையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நின்றபடி ஓடும் பெரிய லாரி இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர் டீசலைக் குடிக்கும். நாளுக்கு அரைமணி நேரம் வீணாக ஓடவிட்டால் 1.5 லிட்டர் போகும். மாதத்தில் 26 நாள் வேலை என்றால், அது 39 லிட்டர். 2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. மானியம் பெறாத ஒரு லாரிக்கு, அந்த விலையில் 39 லிட்டரின் மதிப்பு 130 ரிங்கிட்டுக்கும் மேல். சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, வீணடிப்புக்கும் பொருந்தும்.

நம் ஓட்டுநர் இப்போது நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார். அவர் பார்வை அடிக்கடி இயந்திரச் சுழற்சியைக் காட்டும் அளவிக்குச் செல்கிறது. அதில் பச்சை நிறத்தில் ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலான கனரக லாரிகளில் அது நிமிடத்திற்கு 1,000 முதல் 1,500 சுழற்சி வரையிலான பகுதியாகும். இயந்திரம் குறைந்த எரிபொருளில் நிறைந்த இழுவிசையைத் தருவது இங்கேதான். முள் பச்சைப் பகுதியைத் தாண்டுவதற்கு முன்பே அவர் அடுத்த கியருக்கு மாறுகிறார். இயந்திரம் அலறினால்தான் லாரி விரையும் என்று எண்ணுவது தவறு.

தூரப் பார்வையும் எரிபொருளை மிச்சப்படுத்தும். நாற்பது டன் எடையை நின்ற நிலையிலிருந்து நகர்த்துவதற்குத்தான் மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. எனவே, தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் அனுபவமுள்ள ஓட்டுநர் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுவார். லாரி மெல்ல நகர்ந்து சென்று சேர்வதற்குள் பெரும்பாலும் பச்சை விளக்கு எரியத் தொடங்கிவிடும். வேகத்தையும் அவர் கட்டுக்குள் வைத்திருப்பார். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் லாரி 90 கிலோமீட்டருக்கு மாறினால், காற்றின் தடை கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிடும். சக்கரங்களில் காற்று குறைந்தாலும் இழுவைக்குக் கூடுதல் டீசல் செலவாகும்.

கோம்பாக்கைக் கடந்ததும் காராக் நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரில் ஏறத் தொடங்குகிறது. கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வரை நீண்ட ஏற்றம், அதன்பின் இறக்கம். ஓட்டுநரின் திறமை வெளிப்படுவது ஏற்றத்தில் அன்று, இறக்கத்தில்தான். 'நடுநிலையில் விட்டால் டீசல் மிச்சமாகும்' என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. இன்றைய டீசல் இயந்திரங்களில், கியர் இணைந்திருக்கும்போது முடுக்கியை விட்டால், சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. எரிபொருள் தெளிப்பு நின்றுவிடுகிறது. நடுநிலையிலோ, இயந்திரம் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அதில் இருக்கிறது. நடுநிலையில் இறங்கும் லாரியைப் பிடித்து நிறுத்த பிரேக்கைத் தவிர வேறு வழியில்லை. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால், உராய்வினால் பிரேக் உருளைகள் கடுமையாகச் சூடாகி விரியும், பிடிமானம் தளரும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் லாரி நிற்காது. முன்னால் செல்லும் வாகனங்களில் இருக்கும் குடும்பங்களின் உயிர் அந்த ஒரு மிதியில் தொங்கும். ஆகவேதான், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாற வேண்டும் என்பது விதி. பாதி வழியில் மாற்ற முயன்றால், கியர் விழாமல் போகக்கூடும். இயந்திரத்தின் எதிர்ப்பும் வெளியேறும் புகையைத் தடுக்கும் துணைப் பிரேக்கும் லாரியை அடக்கிவைக்கும். கால் பிரேக்கை வேகம் கூடும்போது மட்டும் உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும்.

குவாந்தானை அடைந்த பிறகும் ஓட்டுநர் இயந்திரத்தை உடனே நிறுத்துவதில்லை. இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவாக ஓடவிடுகிறார். கடுமையாக உழைத்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தினால், எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிவிடும். காலையில் சூடேறக் காத்திருந்தவர், மாலையில் சூடு தணியக் காத்திருக்கிறார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாம் உண்ணும் அரிசியும் அணியும் ஆடையும் படிக்கும் நூலும் ஏதோ ஒரு லாரியில் ஏறித்தான் நம்மை வந்தடைகின்றன. அந்தப் பயணத்தில் இயந்திரத்தின் ஆயுளையும் எரிபொருளையும் பிறர் உயிரையும் காப்பது ஓட்டுநரின் அறிவும் பொறுமையுமே. அடுத்த முறை மலைச்சாலையில் ஒரு கனரக லாரி மெதுவாக இறங்குவதைக் கண்டால், நாம் பொறுமை இழந்து ஒலி எழுப்ப வேண்டாம். அந்த ஓட்டுநர் சோம்பலால் மெதுவாகச் செல்லவில்லை. தம் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்.