நிலத் தரகரை எவ்வளவு நம்பலாம்? பொன்முடி தரும் படிப்பினை

வாழ்நாள் சேமிப்பை நிலத்தில் முதலீடு செய்வது நம் நாட்டு நடுத்தர வகுப்பினரின் நெடுநாளைய வழக்கம். ஓய்வூதியப் பணிக்கொடையும், வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய பொருளும் பெரும்பாலும் வீட்டு மனையாகவோ தோட்டமாகவோ உருப்பெறுகின்றன. வாங்குவோர் வெளியூரிலும் நிலம் வேறோர் ஊரிலும் இருப்பதால் இடையில் தரகர் தேவைப்படுகிறார். அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தரகரின் பயன்

எந்த நிலம் விலைக்கு வருகிறது, அண்மையில் அப்பகுதியில் என்ன விலைக்குக் கிரயம் முடிந்தது, உரிமையாளர் எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்பன போன்ற செய்திகள் எந்த அரசுப் பதிவேட்டிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. பத்திரத்தில் காட்டப்படும் விலைக்கும் கைமாறும் தொகைக்கும் வேறுபாடு நிலவும் சந்தையில் தரகரின் அனுபவ அறிவுக்கு மதிப்பு உண்டு. வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் தேடி அலையும் செலவை அவர் குறைக்கிறார். ஆகவே தரகுத் தொழில் வீண் சுமை என்று கருதுவது பொருந்தாது.

நலன்கள் பிரியும் இடம்

எனினும் தரகு என்பது விற்பனை முடிந்தால் மட்டுமே கிடைக்கும் ஊதியம் என்பதை மறத்தலாகாது. ஐம்பது லட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்திற்கு இரண்டு விழுக்காடு தரகு எனக் கொள்வோம். விலையில் ஐந்து லட்சம் குறைந்தால் வாங்குபவருக்கு அத்தொகை முழுவதும் மிச்சம். தரகருக்கோ பத்தாயிரம் ரூபாய் நட்டம். உரிமையில் குறை கண்டு பேரம் முறிந்தால் அவருக்கு எதுவுமே கிட்டாது.

அமெரிக்காவின் சிக்காகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து லெவிட், சைவர்சன் என்னும் பொருளியலறிஞர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவு இதனை மெய்ப்பிக்கிறது. முகவர்கள் தம் சொந்த வீடுகளை விற்கும்போது சராசரியாக 9.5 நாட்கள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 விழுக்காடு கூடுதல் விலை பெற்றனர். இதனை நேர்மைக் குறைவு என்பதைவிட ஊதிய முறையின் விளைவு என்பதே பொருத்தம்.

பொன்முடி நிலம்

விலையில் ஏற்படும் இழப்பு வரம்புக்குட்பட்டது. உரிமையில் ஏற்படும் இழப்போ முதலையே விழுங்கிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்றடையும் பொன்முடி மலை இதற்குத் தக்க சான்று.

2007-இல் தொடங்கப்பெற்ற இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகத்திற்காக, பொன்முடியில் மெர்ச்சிஸ்டன் தோட்டத்தைச் சேர்ந்த எண்பது ஏக்கர் அளவிலான நிலம் வாங்கப்பட்டது. அத்தோட்டம் சூழலியல் நலிவு மிக்க நிலம் என்பதால் அரசுடைமையாகிவிட்டது என்ற வாதம் எழுந்து, பெரும் சர்ச்சையாக மூண்டது. முடிவில் கழகத்தின் வளாகம் பொன்முடியில் அமையவில்லை. நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில் அமைந்தது. அந்தப் பேரத்தில் எவர் பங்கு எத்தகையது என்பது இக்கட்டுரைக்குப் புறம்பானது. சட்ட வல்லுநர்களின் துணையைப் பெறக்கூடிய அரசு நிறுவனமே சிக்கலுக்கு உள்ளாகுமாயின், தனிநபர் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் கருதத்தக்கது.

இதன் காரணம் சட்டத்தில் உள்ளது. கேரளத்தின் சூழலியல் நலிவு நிலச் சட்டம் 2005-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டமாக வெளிவந்தபோதிலும், 2000 ஜூன் 2 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. அதன் மூன்றாம் பிரிவின்கீழ் வரும் நிலம் எவ்விதப் பற்றுமின்றி, இழப்பீடுமின்றி அரசைச் சேர்ந்துவிடுகிறது. எனவே பத்திரம் ஒழுங்காகவும், வில்லங்கச் சான்று தூயதாகவும் இருக்க, நிலம் மட்டும் விற்பவருக்கு உரியதாக இல்லாமற்போகலாம். மேலும், 1963-ஆம் ஆண்டுக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு உண்டு. தோட்டத்தை மனைகளாக்கி வேறு பயனுக்கு மாற்றினால் அவ்விலக்கு பறிபோகும். ‘மலைக்காட்சி மனை’ என்னும் விளம்பரம் இவற்றை எடுத்துரைப்பதில்லை.

சட்டம் தரும் காப்பு

2016-ஆம் ஆண்டின் வீட்டு மனை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுக்குரிய திட்டங்களில் விற்பனைக்குத் துணைபுரியும் முகவர்கள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என விதிக்கிறது. மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், மனை மதிப்பில் ஐந்து விழுக்காடு வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் இரு வரம்புகளைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, திட்டம் எதிலும் சேராத தனி நிலத்தின் கிரயம் இவ்விதியின்கீழ் வாராது. மற்றொன்று, உரிமைக் குறைபாட்டால் நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பை 18-ஆம் பிரிவு மனை வளர்ப்பாளர் மீதே சுமத்துகிறது. முகவர் மீது அன்று.

பத்திரப் பதிவும் உரிமைக்கு உறுதியாகாது. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாவது ஆவணமே. பொது அதிகாரப் பத்திரத்தின் வழியே நிகழும் விற்பனையால் உரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது.

செய்யத்தக்கவை

ஆகவே, நிலத்தைத் தேடவும் விலை பேசவும் தரகரை நம்பலாம். உரிமையையும் பயன்பாட்டுத் தடைகளையும் ஆராய அவரை நம்பலாகாது. அதற்குத் தரகர் பரிந்துரைக்காத வழக்கறிஞர் ஒருவரை, பேரம் முடிந்தாலும் முறிந்தாலும் மாறாத கட்டணத்தில் அமர்த்துதல் நன்று. முன் ஆவணங்களையும், கிராம அலுவலகத்தின் தண்டப்பேர்ப் பதிவேட்டையும், அளவை எண்ணையும் ஒப்பிட வேண்டும். மலைநிலமாயின் வனத்துறையிடமும், வயல்நிலமாயின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ள தரவுப் பட்டியலிலும் உசாவ வேண்டும். இவை முடியும்வரை முன்பணம் கொடுத்தலாகாது.

அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. கேரளம் 2022-இல் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவைப் பணியும், பதிவு, வருவாய், அளவைத் துறைகளை இணைக்கும் ‘என்டெ பூமி’ இணையத் தளமும் நல்ல முயற்சிகள். அறிவிக்கை செய்யப்பட்ட வனநிலத்தின் அளவை எண்களும் இத்தகைய ஒரே பதிவேட்டில் எவரும் காணுமாறு இடம்பெறுதல் வேண்டும். அரசிடம் உள்ள செய்தி குடிமகனுக்கு எட்டாத இடத்தில்தான் தரகரின் சொல் சான்றிதழாகிவிடுகிறது.