மழைக்குக் கணக்கு வைத்த குகை

இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது 1875இல். அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையை எப்படி அறிவது? புவி, காலநிலை அறிவியலில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவரிடம் கேட்டால், ஒரு கல்லைக் காட்டுவார்.

மேகாலயாவில் சிரபுஞ்சிக்கு அருகே மௌம்லு என்றொரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது. மண்ணில் இறங்கும் மழைநீர் அங்குள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி லேசான அமிலமாகிறது. பாறையைக் கரைத்தபடி இறங்கிக் குகைக்குள் சொட்டுகிறது. சொட்டும் இடத்தில் வாயு வெளியேற, சுண்ணாம்பு படிகிறது. படிந்து படிந்து தரையிலிருந்து ஒரு தூண் எழும்புகிறது.

அந்தத் தூணை நெடுக்காக அறுத்து மெருகேற்றினால் அடுக்கடுக்காக வரிகள் தெரியும். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சிறு டிரில்லால் ஒவ்வொரு வரியிலும் துளி பொடி எடுப்பார்கள். அதை அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவை நிறைமானிக்குள் செலுத்துவார்கள். தேடுவது கனமான ஆக்சிஜனை. ஏறத்தாழ ஐந்நூறு ஆக்சிஜன் அணுக்களில் ஒன்றுதான் அப்படிப்பட்டது. அது சேர்ந்த நீர் மேகத்திலிருந்து முந்திக்கொண்டு இறங்கிவிடும். கொட்டக் கொட்ட, மிச்ச ஈரத்தில் அது குறையும். ஆகவே பருவமழை வலுத்த காலத்துப் படிவில் கனமான ஆக்சிஜன் குறைவு, தளர்ந்த காலத்தில் அதிகம். வித்தியாசம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதையும் கருவி பிடித்துவிடுகிறது.

வயதைக் கணிக்கும் முறை இன்னும் அழகானது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் புதிய படிவில் யுரேனியம் மட்டுமே இருக்கும். அது குறிப்பிட்ட வேகத்தில் சிதைந்து தோரியமாக மாறுவதால், சேர்ந்திருக்கும் தோரியத்தை அளந்தால் வயது கிடைத்துவிடும்.

மௌம்லு கல், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததைக் காட்டியது. அதை ஆதாரமாகக் கொண்டு, நாம் வாழும் நிலவியல் காலத்துக்கு 2018இல் 'மேகாலயன்' என்று உலக நிலவியலாளர்கள் பெயரிட்டார்கள். எகிப்திலும் மெசபடோமியாவிலும் அரசுகள் ஆட்டம் கண்டதும் ஏறக்குறைய அதே காலம். அதற்கு வறட்சி எவ்வளவு தூரம் காரணம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நிலவியல் என்றாலே சுரங்க வேலை என்று நினைக்கும் வீடுகள் இன்றும் பல. இந்த ஒரு கல்லைப் படிக்கவே வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் தேவைப்படுகின்றன. இவற்றில் பட்டம் பெற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளும் முதுநிலைப் படிப்புகள் நாட்டில் உண்டு. பி.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கும் மாணவர்களே, விண்ணப்பம் நிரப்பும் முன் இந்தத் துறையையும் விசாரித்துப் பாருங்கள். பருவமழையை நம்பி விதைக்கும் நாட்டுக்கு அதைப் படித்தவர்கள் நிறையத் தேவை.